பெட்டியில் 500, லேபிளில் 204

2021 ஆவணி முகூர்த்த சீசனில்தான் இது ஆரம்பித்தது. கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கொரோனாவால் தள்ளிப்போன கல்யாணமெல்லாம் ஒரே மாதத்தில் வந்து குவிந்த நேரம். டைம்லைனில் வெட்டி ஒட்டும்வரை சிஸ்டம் சமர்த்தாக இருக்கும். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்கும் எக்ஸ்போர்ட் வேலையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் விண்டோஸ் லாகின் திரை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நீலத்திரை கிடையாது, எரர் கிடையாது, யாரோ பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகின மாதிரி அணைந்து எழுந்திருக்கும்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கிராபிக்ஸ் கார்டு மாற்றியிருந்தேன். அதுவரை இருந்தது ஜிடி 710, படம் காட்டுவதற்கு மட்டும் லாயக்கான கார்டு. மாற்றியது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், செகண்ட் ஹேண்டு. அந்த வருஷம் கார்டு விற்ற விலை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய கார்டுக்கே புதுசின் இரட்டை விலை கொடுத்து வாங்கி, கையில் இருந்த காசெல்லாம் அதிலேயே போய், மற்றது எதையும் தொடவில்லை. முக்கியமாக எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தொடவில்லை. வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தருகிற பகுதி அது. பவர் சப்ளை என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான், நம் ஊர்க் கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்றால்தான் எடுத்துத் தருவார்கள். எனக்கு அது கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. கேபினெட் வாங்கினேன், உள்ளே அது இருந்தது, மேலே 500 வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, நானும் நம்பினேன்.

சந்தேகம் முதலில் கார்டு மேல் போனது நியாயம்தான். விற்றவருக்குப் போன் போட்டுச் சண்டை போட்டேன். அவர், "அண்ணே, வேற சிஸ்டத்துல மாட்டிப் பாருங்க, அதுலயும் இப்படி ஆச்சுன்னா காசைத் திருப்பித் தர்றேன்" என்றார். நண்பனின் சிஸ்டத்தில் மாட்டினால் கார்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. அப்புறம் ராம். இரண்டையும் கழற்றி அழிரப்பர் போட்டுத் தேய்த்து, ஒன்றை மட்டும் போட்டு, மற்றதை மட்டும் போட்டு, எல்லா விதத்திலும் பார்த்தாகிவிட்டது. அப்புறம் விண்டோஸ் மறுபடி போட்டேன். பிராசஸரைக் கழற்றிச் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினேன். டிரைவர் பழசு, டிரைவர் புதுசு. இப்படியே ஐப்பசி வந்துவிட்டது. நடுநடுவே, இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், அப்போது கடைசியாக நான் எதைத் தொட்டேனோ அதுதான் மருந்து என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸிடம் உள்ள கெட்ட குணமே இதுதான். தனக்குக் கோளாறு என்று அது காட்டிக்கொள்ளாது. ராம் கெட்ட மாதிரி, கார்டு கெட்ட மாதிரி, ஹார்டு டிஸ்க் கெட்ட மாதிரி, அடுத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி, ஆம்ப்ளிஃபயர் சரிசெய்கிற அண்ணாச்சி ஒருவரிடம் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லை அவர், ஆனால் மின்சாரம் தெரிந்தவர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உபயோகிக்காமல் தொங்கிய நாலு பின் கனெக்டர் ஒன்றில் மல்ட்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயரிலும் சிவப்புக் கம்பியை மஞ்சள் வயரிலும் குத்தி வைத்தார். மஞ்சள் என்றால் 12 வோல்ட், சிவப்பு வயர் 5 வோல்ட். டெஸ்க்டாப் சும்மா இருக்கையில் 11.86 காட்டியது. "இப்ப நீங்க அந்த வேலையைக் குடுங்க தம்பி" என்றார். எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 11.5 ஆனது. 11.3. ஃபேன் சத்தம் ஏறியது. 11.1 என்று ஒரு நொடி தெரிந்தது, திரை கறுத்துவிட்டது.

"12-ல அஞ்சு சதம் கூடலாம், அஞ்சு சதம் குறையலாம். 11.4-க்குக் கீழ போகக் கூடாது. மீட்டர் மெதுவா காட்டுது, உள்ள இதைவிடக் கீழ விழுந்திருக்கும்" என்றார். இரண்டு மாதம் நான் தேடியது இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. 300 ரூபாய் மல்ட்டிமீட்டர் இந்த அளவுக்குப் போதும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பியைக் குத்தும்போது பக்கத்து வயரோடு முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னொரு சோதனையும் இருக்கிறது. 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். தனியாக ஓடும். ஆனால் அதில் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சும்மா நிற்கிறவனிடம் மூட்டை தூக்கும் பலம் இருக்கிறதா என்று அது சொல்லாது. என்னுடையதும் கிளிப் சோதனையில் ஜோராகச் சுற்றியது.

அண்ணாச்சி அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியே எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளைப் படிக்கச் சொன்னார். நான் மூன்று வருஷமாக வைத்திருக்கிற பொருள், ஒரு நாளும் படித்ததில்லை. 3.3 வோல்ட்டில் 20 ஆம்பியர், 5 வோல்ட்டில் 25 ஆம்பியர், 12 வோல்ட்டில் 17 ஆம்பியர், மிச்சம் சில்லறை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 66, 125, 204. சில்லறை இரண்டையும் சேர்த்து 16. மொத்தம் கூட்டினால் 411. அவன் அச்சடித்த எண்ணை வைத்துக் கூட்டினாலும் 500 வரவில்லை!

அதிலும் நமக்கு வேண்டியது அந்த 204 மட்டும்தான். இப்போதைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டிலிருந்து. 3.3-உம் 5-உம் டிஸ்க், யூ.எஸ்.பி. மாதிரி சின்னச் சின்ன வேலைக்கு. இருபது இருபத்தைந்து வருஷம் முன்னால் பிராசஸரே 5 வோல்ட்டில் ஓடிய காலத்து வடிவமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியிலும் ஆம்பியரை அள்ளிப் போட்டு, மொத்த வாட்டைப் பெரிதாகக் காட்டுவது மலிவுச் சரக்கின் பழைய வித்தை. என் கணக்கைப் பாருங்கள். என் பிராசஸர் ஐ5 10400எஃப், அதன் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், முழு மூச்சில் ஓடும்போது 134 வரை கேட்கும். கார்டு 125. ஆக 259. தருகிறவன் ஒப்புக்கொண்டதே 204. எடிட்டிங் பண்ணும்போது இவ்வளவு கேட்காது, அதனால் சமர்த்து. எக்ஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து கேட்கும், அப்போது மயக்கம். ஜிடி 710 இருந்தவரை அது 19 வாட் கார்டு, அதனால் அதுவரை குட்டு வெளிப்படவில்லை.

இதில் நான் செய்த தனித் தப்பு ஒன்று உண்டு. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கு வேண்டிய எட்டு பின் கனெக்டரே இல்லை. இரண்டு நாலு பின் கனெக்டரைச் சேர்த்து எட்டாக்குகிற ஒரு வயர் 80 ரூபாய்க்குக் கிடைத்தது, வாங்கி மாட்டினேன். தனக்கு இந்தக் கார்டு ஆகாது என்று எஸ்.எம்.பி.எஸ். சொன்ன ஒரே இடம் அது, நான் அதன் வாயையும் அடைத்துவிட்டேன். கார்டுக்கு வேண்டிய கனெக்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே இல்லை என்றால் அந்தக் கார்டுக்கு அது இல்லை. குறுக்கு வயர் தேடாதீர்கள். டிஸ்க்குக்குக் கரண்ட் தருகிற சாட்டா கனெக்டரிலிருந்து எட்டு பின் எடுக்கிற வயர் இன்னும் மோசம்; சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு 54 வாட் வரைதான் தாங்கும், எட்டு பின் 150 வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

சரி, தெரிந்துவிட்டது, உடனே மாற்றினேனா? இல்லை. ஒரு ரிசப்ஷன் வீடியோ கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கார்டுக்கு வேலை கொடுக்காமல், பிராசஸரை மட்டும் வைத்து மெதுவாக எக்ஸ்போர்ட் செய்துவிடலாம் என்று மூன்று நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் ராத்திரி "டப்" என்று ஒரு சத்தம், மீன் கருகுவது போல ஒரு நாற்றம், வீட்டில் ஷார்ட் ஆனால் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. விழுந்தது. மறுநாள் அண்ணாச்சி வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்த்தபோது போர்டு பிழைத்திருந்தது, கார்டு பிழைத்திருந்தது, ஹார்டு டிஸ்க் மட்டும் சுற்றவில்லை. ரிசப்ஷன் முழுக்க அதில். கேமராக்காரர் மெமரி கார்டை ஏற்கெனவே அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு பகலை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதப் போவதில்லை. பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி டிஸ்க்கைக் குப்புறப் போட்டு, அடியில் இருக்கும் பச்சைப் போர்டைக் கழற்றி, பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் மிளகைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புத் துண்டைக் காட்டினார். அது டி.வி.எஸ். டயோடு என்றார். வோல்ட்டேஜ் எக்குத்தப்பாக ஏறினால் தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு டிஸ்க்கைக் காப்பாற்றுகிற காவல்காரன். மீட்டர் வைத்ததும் "பீப்" என்று கத்தியது, அதாவது செத்துவிட்டது. சூடு வைத்து அதை எடுத்துப் போட்டார். மாட்டினால் டிஸ்க் சுற்றியது! எல்லா டிஸ்க்கும் இப்படி எழுந்திருக்காது, எனக்கு எழுந்தது. ஆனால் காவல்காரன் போன டிஸ்க், அதில் இருப்பதை உடனே வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டேன்.

செத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் திறந்து காட்டினார். நீங்கள் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் 325 வோல்ட் ஆகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சி முதலில் ஒரு குண்டு பல்பை அதன் இரு காலிலும் தொட்டு இறக்கிவிட்டுத்தான் விரலை வைத்தார். உள்ளே நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. மின்சாரம் நுழைகிற இடத்தில், சுருள் இருக்க வேண்டும் என்று போர்டில் படம் வரைந்து எழுத்தும் அச்சடித்திருக்கிறார்கள், அந்த இடத்தில் சுருள் இல்லை, இரண்டு வெறும் கம்பித் துண்டு. ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும். வெளியே போகும் பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி, ஒன்று பழுப்பாகக் கசிந்திருந்தது. அவற்றின் மேல் 85 டிகிரி என்று போட்டிருந்தது. நல்ல சரக்கில் 105 டிகிரி போடுவார்கள். சித்திரையில் எங்கள் ஊரில் அறைக்குள்ளேயே 38, 39 டிகிரி, கேபினெட்டுக்குள் இன்னும் மேலே. அந்த இருபது டிகிரி வித்தியாசம்தான் ஆயுசு.

இதனாலேயே, அடுத்ததை வாங்கும்போது நான் கேட்ட கேள்விகள் மாறிவிட்டன. எத்தனை வாட் என்பது கடைசிக் கேள்விதான். முதலில் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர். ஒழுங்கான 550 வாட் சரக்கென்றால் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது பெருக்கினால் 540. மொத்த வாட்டும் 12 வோல்ட் வாட்டும் ஒட்டி நின்றால் புதுக்கால வடிவமைப்பு, நம்பலாம். பாதிதான் வருகிறது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்தது, எந்த வெப்பத்தில் அந்த வாட்டைத் தருவதாகச் சொல்கிறான். 40 டிகிரியிலா, 50 டிகிரியிலா. கம்பெனியின் விவரத்தாளில் இது இருக்கும். எங்குமே சொல்லவில்லை என்றால் அதுவே ஒரு பதில். அப்புறம் வாரண்டி எத்தனை வருஷம். மூன்று, ஐந்து, பத்து என்று இருக்கிறது. பத்து வருஷம் தருகிறவன் நம் மேல் பாசத்தால் தரவில்லை, திரும்ப வராது என்று அவனுக்குத் தெரியும். அதிக மின்னழுத்தம், அதிக மின்சாரம், ஷார்ட், அதிக சூடு, இந்த நாலுக்கும் தானாக அணைகிற பாதுகாப்பு உண்டா என்பதும் அதே தாளில் இருக்கும். என் பழையதில் அது இருந்திருந்தால் அந்த டிஸ்க் காவல்காரன் சாக வேண்டியிருந்திருக்காது என்பது அண்ணாச்சியின் கணிப்பு.

80 பிளஸ் என்கிற முத்திரையைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். வெள்ளை, பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி. 2004-இல் ஆரம்பித்த சான்று இது, வண்ணங்கள் 2008-இலிருந்து வந்தன. அது முக்கியமாக அளப்பது இதைத்தான்: சுவரிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில் எத்தனை பங்கு உள்ளே போகிறது, எத்தனை பங்கு சூடாக வீணாகிறது. பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, 12 வோல்ட் ஆடாமல் நிற்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. சோதனையும் ஏ.சி. அறை மாதிரி 23 டிகிரி பக்கத்தில்தான் நடக்கிறது. கரண்ட் பில் மிச்சமாகும் என்பார்கள். கணக்குப் போட்டேன். சிஸ்டம் உள்ளே 200 வாட் தின்கிறது, தினம் நாலு மணி நேரம் என்று வைப்போம். 85 சதத்துக்கும் 90 சதத்துக்கும் சுவரில் 13 வாட் வித்தியாசம். வருஷத்துக்கு 19 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 150 ரூபாய் பக்கம். கோல்டுக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் அதை எடுக்கப் பதின்மூன்று வருஷம் ஆகும். ஆக, பில்லுக்காகக் கோல்டு வாங்க வேண்டாம். ஆனால் கோல்டு வாங்குகிற அளவுக்கு மெனக்கெட்டவன் மற்றதையும் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்திருப்பான், சூடு குறைவதால் ஃபேன் சத்தமும் குறையும். என் பட்ஜெட்டில் பிரான்ஸ்தான் வந்தது, குறையொன்றுமில்லை.

எத்தனை வாட் என்கிற கேள்வி கடைசியில் எளிதானது. பிராசஸர் முழு மூச்சில் எவ்வளவு, கார்டு எவ்வளவு, மற்றதுக்கெல்லாம் ஒரு 50. கூட்டி, அதுபோல் ஒன்றரை மடங்கு. எனக்கு 134, 125, 50. 309 வந்தது, அதன் ஒன்றரை மடங்கு 464 பக்கம், 550 வாங்கினேன். பின்னால் 170 வாட் தின்கிற ஆர்டிஎக்ஸ் 3060 போட்டபோதும் அதுவே போதுமாக இருந்தது. அந்தக் கார்டுக்குக் கம்பெனி சொல்கிற அளவும் 550தான். இந்த ஒன்றரை மடங்கு வீண் பயம் இல்லை. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் சட்டென்று தம் அளவைப்போல் இரண்டு மடங்கு இழுத்துவிட்டு அடங்கும், அதற்கு இடம் வேண்டும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்கிற எஸ்.எம்.பி.எஸ். விதிமுறையே இந்தத் துள்ளலைத் தாங்க வேண்டும் என்று எழுதிவைத்ததுதான். பெரிய கார்டு போடப்போகிறவர்கள் 3.0 அல்லது 3.1 என்று பார்த்து வாங்குங்கள். அதற்காக 300 வாட் சிஸ்டத்துக்கு 1000 வாட் வாங்குவதும் தேவையில்லை, அந்தக் காசுக்கு இன்னொரு டிஸ்க் வாங்கி பேக்கப் எடுக்கலாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

புதுசு மாட்டிய மூன்றாம் நாள் அம்மா கூப்பிட்டார்கள். "ஏப்பா, புதுசு வாங்குனியே, தொட்டா சுருக்குன்னு இழுக்கு. பழசே தேவலை போலிருக்கே." எனக்குப் பகீரென்றது. செருப்பில்லாமல் நின்று கேபினெட் ஸ்க்ரூவைத் தொட்டால் நிஜமாகவே எறும்பு ஊர்வது போல இருந்தது. டெஸ்டர் வைத்தால் எரிந்தது. கடையில் திருப்பிக் கொடுக்கத் தயாராகிவிட்டேன். அண்ணாச்சி சிரித்தார். பழையதில் ஓட்டையாக இருந்ததே, அந்த ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், புதியதில் ஒழுங்காக இருக்கின்றன. அவை இரைச்சலைப் பிடித்து எர்த்தில் தள்ளும். எர்த் உயிரோடு இருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. எர்த் இல்லை என்றால் அது கேபினெட் உடம்பிலேயே நிற்கும், வோல்ட்டேஜ் பாதியளவு, 110, 115 இருக்கும், ஆனால் கரண்ட் மிகச் சொற்பம். பழசு இழுக்கவில்லை என்றால் அது நல்லது என்பதால் இல்லை, அதில் ஒன்றுமே இல்லை என்பதால்.

மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 வோல்ட் சொச்சம் காட்டியது. நல்ல எர்த் என்றால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் எர்த் குழி காய்ந்து கிடந்தது. எங்கள் கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும், குழிக்குள் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாகக் கரியும் உப்பும் போட்டுக் கம்பியை மாற்றினோம். இப்போது மாசியிலிருந்து வாரம் ஒரு குடம் தண்ணீர் அம்மா ஊற்றுகிறார்கள், துளசிக்கு ஊற்றும்போது அதற்கும். கேபினெட் இழுப்பது நின்றுவிட்டது. கிரைண்டர் இழுப்பதும் சேர்ந்து நின்றது, அது அதுவரை யாரும் சொல்லாத சங்கதி.

அடுத்த தலைவலி யூ.பி.எஸ். பழைய 600 வி.ஏ. பெட்டி, அதாவது 360 வாட். கரண்ட் போனதும் "டிக்" என்று சத்தம் கேட்கும், கூடவே சிஸ்டமும் அணைந்துவிடும், எக்ஸ்போர்ட் நேரத்தில் மட்டும். பேட்டரி கிழடு என்பது ஒரு காரணம். இன்னொன்று, இப்போதைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று ஒரு பகுதி இருக்கும். அதற்கு ஒழுங்கான அலைவடிவ மின்சாரம் பிடிக்கும். மலிவு யூ.பி.எஸ். தருவது படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டான அலை. லேசான வேலையில் அனுசரித்துப் போகும், பாரம் ஏறும்போது இரண்டுக்கும் ஒத்துவராது. கரண்ட் போய் யூ.பி.எஸ். எடுத்துக்கொள்ளும்வரை இருக்கும் இடைவெளி பத்து மில்லி செகண்டுக்குள் என்றால் பிரச்சினை இல்லை, எஸ்.எம்.பி.எஸ். தன் கையிருப்பில் 16, 17 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்க வேண்டும் என்று விதி. சைன் வேவ் யூ.பி.எஸ். விலை கேட்டேன், எஸ்.எம்.பி.எஸ். விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தது. அதன் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச், யூ.பி.எஸ். என்று எழுதிய பக்கம் தள்ளினால் மாறும் நேரம் குறைகிறது. சிஸ்டத்தை அந்த லைனுக்கு மாற்றினேன், அணைவது நின்றது. ஒரு குறை: அந்த நிலையில் வோல்ட்டேஜ் 180-க்குக் கீழே போனால் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலம் தெருவே மோட்டார் போடுகிற நேரத்தில் 170-தான் வரும், பேட்டரி வீணாகக் கரையும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அந்த 170 ஒரு பொருட்டே இல்லை, அதன் லேபிளில் 100-லிருந்து 240 வரை என்று இருக்கிறது. ஆகவே அந்த நேரத்தில் நான் எக்ஸ்போர்ட் கொடுப்பதில்லை. ஸ்டெபிலைசர் விற்க வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அக்கா மகன் கேம் விளையாடச் சிஸ்டம் கட்டினான், நான்தான் மேஸ்திரி. அவன் வாங்கியது மாடுலர், அதாவது வயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை. சாட்டா வயர் ஒன்று நீளம் பத்தவில்லை. என்னிடம் வேறு கம்பெனி மாடுலர் வயர் சும்மா கிடந்தது, சொருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் அவன் புது எஸ்.எஸ்.டி.யிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. "மாமா, புகை வருது மாமா!" டிஸ்க் பக்கம் இருக்கும் முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதி. எஸ்.எம்.பி.எஸ். பக்கம் இருக்கும் முனைக்கு விதியே கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலும்கூட, 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் வேறு வேறு பின்னில் வைக்கும். 5 போக வேண்டிய காலில் 12 போய்விட்டது. மருமகனுக்கு அந்த எஸ்.எஸ்.டி.யை நான் வாங்கிக் கொடுத்தேன். இப்போது எந்த வயரைக் கழற்றினாலும் அதில் மாடல் பெயரை எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ். கீழே இருக்கும் கேபினெட்டைத் தரையில் பாய் மேலோ மிதியடி மேலோ வைக்காதீர்கள், ஃபேன் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. செகண்ட் ஹேண்டு எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டாம். கார்டை வேறு சிஸ்டத்தில் போட்டுப் பார்த்து வாங்கலாம், இதைப் பார்த்து அறிய நம்மிடம் கருவி இல்லை. பின்பக்க வலைக்குள் பல்லி போகிறதா என்றும் பாருங்கள், சிரிக்க வேண்டாம், அண்ணாச்சி கடையில் மாதம் ஒன்று அப்படி வருகிறது.

போன வாரம் மருமகன் தன் கூட்டாளிக்கு எஸ்.எம்.பி.எஸ். வாங்க மதுரைக்குப் போயிருந்தான். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் பெட்டியின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இது ஓகேவா மாமா?" என்றான். பெரிய எழுத்தில் 550, தீப்பிழம்பு மாதிரி ஒரு படம். பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டு லேபிளை அனுப்பச் சொன்னேன். படம் வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அவனே போன் செய்தான்.

"12-ல 45 ஆம்பியர் போட்டிருக்கு மாமா. பெருக்கியும் பாத்துட்டேன்."

"வாரண்டி?"

"அஞ்சு வருஷம்."

"வாங்கு. பில்லை இப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கோ, அந்தத் தாள்ல எழுத்து ஆறு மாசத்துல மறைஞ்சு போகும்."